மூச்சு எடுக்கச் சொல்லும் இடம்

சென்ற மாதம் சிட்னியின் பரமட்டாவில் ஒரு மண்டபத்தில், உறவினர் வீட்டுப் பிள்ளை பெரியவளானதற்குச் சாமத்தியச் சடங்கு. சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற கணக்காளர், நல்ல மனிதர். அப்பளத்தை உடைத்தபடி எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்:

"உறுப்புத் தானம் எண்டு ஒண்டிலயும் பேரைப் பதிஞ்சு போடாதேங்கோ. மூளைச்சாவு எண்டு சொல்லிப்போட்டு, இதயம் அடிச்சுக்கொண்டிருக்கேக்கையே வெட்டி எடுக்கிறாங்கள்."

மேசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பக்கத்திலிருந்த இளம் பெண் என்னைப் பார்த்து, "அன்ரி, நீங்கள் ஆஸ்பத்திரியிலதானே வேலை செய்தனீங்கள்? உண்மையோ?" என்று கேட்டாள்.

"அப்பிடியில்லைப் பிள்ளை" என்றேன். அதற்கு மேல் பேச முடியவில்லை. சோற்றுக்கும் பாயாசத்துக்கும் நடுவில் சொல்லி முடிக்கிற விஷயமா அது? வீட்டுக்கு வந்த பிறகும் மனது ஆறவில்லை. இந்த வருடம்தான் நான் வேலையை விட்டு நின்றேன். இனிச் சொல்வதற்கு நேரம் இருக்கிறது. ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் தாதியர் பயிற்சியில் இருந்தபோது எங்களை ஒருநாள் மருத்துவ பீடத்துக்குக் கூட்டிப்போய் ஒரு மூளையைக் காட்டினார்கள். வாளிக்குள் மருந்துத் தண்ணீரில் கிடந்தது. விரிவுரையாளர் அதைத் தூக்கி என் இரண்டு கைகளிலும் வைத்தார். பெரிய கனமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு தேங்காயளவுதான் இருந்தது. மூளையின் பகுதிகளுக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த பெயர்கள் வரிசையாக ஞாபகம் வந்தன: மூளையம், மூளி, நீள்வளைய மையவிழையம். அவற்றைத் தேவாரம் போலப் பாடமாக்கிப் பரீட்சையும் எழுதினேன். பிறகு நாடு எங்களைத் துரத்தியது. எண்பதுகளின் கடைசியில் சிட்னிக்கு வந்து, முதியோர் இல்லமொன்றில் வேலை பார்த்துக்கொண்டே இங்கத்தைய தாதியர் பதிவை எடுத்தேன். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மூளை நோயாளிகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் வந்து சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன்.

மூளையின் எந்தப் பகுதி என்ன செய்கிறது என்பதைப் புத்தகம் எனக்குச் சொல்லித் தந்ததாகத்தான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். உண்மையில் அதைச் சொல்லித் தந்தவர்கள் அந்தப் பகுதியை இழந்தவர்கள்.

2009இல் ஒரு பஸ் சாரதி வந்தார். வலது பக்க மூளையின் பின்பாதியில் இரத்தக் குழாய் அடைத்துப்போயிருந்தது. கண் பார்வையில் குறையில்லை. ஆனால் இடது பக்கம் என்று ஒரு பக்கம் உலகத்தில் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "இன்றைக்குக் கொஞ்சமாகத்தான் தந்திருக்கிறீர்கள்" என்று குறை சொல்வார். வலது கன்னத்தை மட்டும் சவரம் செய்வார். அவருடைய இடது கையைத் தூக்கிக் காட்டி, இது யாருடைய கை என்று கேட்டால், "உங்களுடையது, சிஸ்டர்" என்பார். பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். அவருடைய மனைவி தினமும் மத்தியானம் வந்து, அவர் பாதி சாப்பிட்டதும் தட்டைச் சுழற்றி வைப்பார். அவர் மிச்சத்தையும் சாப்பிடுவார். நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த மனைவி இடது பக்கத்தில் நின்றால் அவருக்குத் தெரியாது. அதனால் அந்த அம்மா எப்போதும் கதிரையை வலது பக்கத்துக்கு இழுத்துப் போட்டுத்தான் உட்காருவார்.

அடுத்த வருடம் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை நசிந்திருந்தது. கை கால் இயங்கியது, பேச்சு வந்தது, கணக்குக்கூடச் சொன்னார். ஆனால் ஒரு சொல்லை வாய்க்குள்ளே நிறுத்திக்கொள்ள அவரால் முடியாமல் போய்விட்டது. மிக அமைதியான மனிதர் என்று சொன்னார்கள். எங்கள் முன்னால் மனைவியைத் தூஷணத்தால் பேசினார். பிறகு அவரே சிரித்தார். அந்தப் பெண் எங்கள் மேலதிகாரியான டொக்டர் ஹெலனிடம், "இவர் திரும்பி எப்போது வருவார்?" என்று கேட்டாள். கணவன் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து தோடம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஆனாலும் அவள் கேட்டது எங்கள் எல்லாருக்கும் விளங்கியது.

ஹெலன் அவளுக்குப் பதில் சொன்ன விதத்தை நான் மறக்கவில்லை. அந்த அறையில் இன்னொரு கதிரை இருக்கவில்லை. ஹெலன் அப்படியே தரையில் குந்தி உட்கார்ந்தார். அந்தப் பெண்ணின் முகத்தை அண்ணாந்து பார்த்து, "சில குணங்கள் திரும்பலாம். நீங்கள் கலியாணம் கட்டியவர் முழுதாகத் திரும்ப மாட்டார் என்று நினைக்கிறேன்" என்றார். பிறகு அவள் அழுது முடியும்வரை எழும்பவில்லை.

ஹெலன் தஸ்மேனியாவில் ஆட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். நெடிய உருவம். சைக்கிளில் வேலைக்கு வருவார், காலையில் நெற்றியில் ஹெல்மெட் தடம் சிவப்பாகக் கிடக்கும். துக்கச் செய்தி சொல்லும்போது கேட்பவரைவிட உயரத்தில் இருக்கக்கூடாது என்பது அவருடைய பழக்கம். இன்னொன்று, சுற்றி வளைத்துப் பேச மாட்டார். 'நம்மை விட்டுப் போய்விட்டார்' போன்ற பேச்செல்லாம் அவருக்குப் பிடிக்காது. இறந்துவிட்டார் என்றால் இறந்துவிட்டார் என்றே சொல்வார். 'மூளைச்சாவு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் வெறுத்தார். அது ஏதோ அரைச் சாவு போலக் கேட்கிறது, ஆட்கள் மிச்ச அரைக்குக் காத்திருக்கிறார்கள் என்பார்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. மயக்கத்தில் இருப்பவரோடு பேசாமல் அவர் ஒன்றும் செய்ய மாட்டார். "இப்போது உங்கள் கண்ணுக்கு வெளிச்சம் அடிக்கப் போகிறேன்", "இது குளிரும், மன்னியுங்கள்" என்று ஒவ்வொன்றையும் நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்வார். ஒருமுறை பயிற்சி டொக்டர் ஒருவர், "இவருக்குக் கேட்காது என்று தெரிந்துதானே சோதிக்கிறோம்?" என்றார். ஹெலன் திரும்பிப் பார்த்தார். "தெரிந்தால் ஏன் சோதிக்க வேண்டும்? சோதித்து முடியும்வரை எனக்குத் தெரியாது" என்றார்.

நிரூபன் 2012இல் வந்தான்.

இருபத்தாறு வயது. முல்லைத்தீவுப் பக்கம். படகில் வந்து, கிறிஸ்மஸ் தீவில் இருந்து, தடுப்பு முகாமில் இருந்து, தற்காலிக விசாவோடு வெளியே வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மரக்கறிக் களஞ்சியம் ஒன்றில் பெட்டி அடுக்கும் வேலை. சில நாட்களாகத் தலையிடி என்று சொல்லியிருக்கிறான். அன்று காலை பெட்டியைத் தூக்கினவன் "தலை வெடிக்குது" என்று சொல்லிப் பின்பக்கமாக விழுந்திருக்கிறான். மூளையின் அடிப்பக்கத்து இரத்தக் குழாயில் சின்னக் குமிழ் ஒன்று இருந்து வெடித்திருந்தது. பிறவியிலேயே அந்த இடம் மெலிந்திருக்கலாம் என்றார்கள். சத்திர சிகிச்சை செய்தவர்கள் மண்டைக்குள் ஒரு குழாய் வைத்து இரத்தத்தை வடியவிட்டார்கள். அடுத்த நாள் அதே இடம் திரும்ப வெடித்தது. இரண்டு கண்மணிகளும் விரிந்து, அப்படியே நின்றுவிட்டன.

அவனோடு வந்தவன் குகன். ஒரே படகில் வந்தவர்கள், ஒரே அறையில் இருந்தவர்கள். குகனைத் தவிர இந்த நாட்டில் அவனுக்கு ஒருவரும் இல்லை. வேலைத்தளத்துப் பூட்ஸோடு வந்தவன், கட்டிலடிக் கதிரையிலேயே இருந்தான். என் பெயர்ப் பட்டியைப் பார்த்ததும் எழும்பி நின்றான்.

"அன்ரி, நீங்கள் தமிழோ?"

"ஓம் தம்பி."

"அவன் தலையிடி எண்டு சொன்னவன். நான்தான் ரெண்டு பனடோல் குடுத்துப் படுக்கச் சொன்னனான்."

அதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் எதிர்பார்த்தது மருந்தைப் பற்றிய பதிலை அல்ல. நான் ஹெலனிடம் சொன்னேன். அவர் வந்து அவனைக் கதிரையில் இருத்தி, தான் கீழே குந்தி, ஒரு தாளில் மூளையின் அடிப்பக்கத்தைக் கீறி, அந்தக் குமிழைக் காட்டினார். பனடோல் அதை வெடிக்க வைக்கவில்லை, தலையிடி உள்ளவர்கள் எல்லாரும் எடுப்பதைத்தான் நீயும் கொடுத்தாய் என்று எளிய ஆங்கிலத்தில் சொன்னார். அவன் "ஓம், ஓம்" என்றான். நம்பினான் என்று நான் நினைக்கவில்லை.

ஊரிலிருந்த நிரூபனின் தாய்க்குத் தொலைபேசி எடுத்தோம். சொந்தமாகப் பேச எனக்கு அனுமதியில்லை. ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்கள் மொழிபெயர்க்கக் கூடாது, அதற்கென்று உள்ளவர்கள்தான் செய்ய வேண்டும் என்பது விதி. அது நல்ல விதிதான். தொலைபேசியில் வந்த மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர். மிகக் கவனமாக, ஒரு சொல்லும் விடாமல் சொன்னார்.

"அம்மா, டாக்டர் என்ன சொல்றாங்கன்னா, உங்க பையனோட மூளை செத்துப்போயிருக்கும்னு அவங்க நினைக்கிறாங்க. அதை உறுதிப்படுத்த இன்னும் சோதனை செய்யணும்."

மறுமுனையில் தாயின் குரல், மெல்லிதாக, தெளிவாக:

"இதயம் துடிக்குதோ?"

"ஆமாம்மா, துடிக்குது."

"உடம்பு சூடா இருக்குதோ?"

ஹெலன் ஆம் என்றார். மொழிபெயர்ப்பாளரும் ஆமாம் என்றார்.

"அப்ப ஏன் செத்திட்டான் எண்டு சொல்லுறியள்?"

ஹெலன் விளக்கினார். மெஷின் காற்றைத் தள்ளுகிறது, காற்று கிடைக்கும்வரை இதயம் தானாகவே துடிக்கும் என்றார். எல்லாம் சரியாகவே மொழிபெயர்க்கப்பட்டது. தாய் கேட்டுவிட்டு, "அவனைக் கவனமாப் பாருங்கோ" என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததைத்தான் அந்தச் சாப்பாட்டு மேசையில் சொல்ல விரும்பினேன். முதலில் காத்திருந்தோம். தூக்க மருந்து ஒரு துளிகூட உடம்பில் இல்லை என்று நிச்சயமாக வேண்டும். உடம்பு குளிர்ந்திருக்கக் கூடாது. இரத்த அழுத்தம் சரியாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று பிழையாகிப் போனாலும், உயிரோடு இருப்பவர் இறந்தவர் போலத் தெரியலாம். இரண்டு டொக்டர்கள் தனித்தனியே சோதிக்க வேண்டும். உறுப்பு எடுக்கும் வேலையோடு சம்பந்தப்பட்டவர்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது.

சோதிப்பது மூளைத்தண்டை. பெருமூளை நினைக்கிறது, பேசுகிறது, பார்க்கிறது. சிறுமூளை தள்ளாடாமல் நடக்க வைக்கிறது. இவை இரண்டுக்கும் கீழே, கழுத்தை நோக்கி இறங்கும் பெருவிரல் பருமனான ஒரு துண்டுதான் மூளைத்தண்டு. நாம் விழித்திருப்பதும் மூச்சு விடுவதும் அதன் வேலை. மேலே எவ்வளவு சேதமானாலும் அது இருந்தால் மனிதர் இருக்கிறார். அது போனால் திரும்பாது.

முதல் சோதனையை ஹெலன் செய்தார். நான் பக்கத்தில் நின்றேன். படி இறங்குவது போல மேலிருந்து கீழே போவார். "நிரூபன், கண்ணுக்கு வெளிச்சம்." மூளைத்தண்டின் மேல்பகுதி உயிரோடிருந்தால் கண்மணி சுருங்கும். சுருங்கவில்லை. பஞ்சு நுனியால் விழியைத் தொட்டார், இமை மூடவில்லை. புருவ எலும்பில் விரலால் அழுத்தினார், முகம் சுளிக்கவில்லை. காதுக்குள் ஐஸ் தண்ணீரை மெதுவாக விட்டார். "இது மிகவும் குளிரும், நிரூபன்." நடுப்பகுதி வேலை செய்தால் கண்கள் அந்தத் தண்ணீரின் பக்கம் அசையும். அசையவில்லை. தொண்டையைத் தொட்டார், மூச்சுக் குழாய்க்குள் மெல்லிய குழாயை விட்டார். ஓங்காளமும் இல்லை, இருமலும் இல்லை. நான் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு படியிலும் ஏதாவது ஒன்று வரட்டும் என்று மனதுக்குள் கேட்டேன்.

கடைசிப் படி மூச்சு. அதை மட்டும் இரண்டாவது டொக்டர் வரும்போது அவரோடு சேர்ந்து செய்வதென்று ஹெலன் நிறுத்திக்கொண்டார்.

அந்த இடைவேளையில்தான் அது நடந்தது. குகன் உள்ளே வந்து நிரூபனின் உள்ளங்கையைப் பிடித்திருக்கிறான். விரல்கள் மடங்கி, முழங்கை மெல்ல எழும்பி விழுந்திருக்கிறது. குகன் போட்ட சத்தத்தில் நான் ஓடிப்போனேன்.

"அன்ரி! கை ஆட்டினவன்! என்ர கையைப் பிடிச்சவன்! நான் கண்டனான்!"

நானும் கண்டேன். அவன் திரும்பத் தொட்டான், விரல்கள் திரும்ப மடங்கின. முள்ளந்தண்டு வடம் செய்கிற வேலை அது. தோலில் பட்ட தொடுகை வடத்துக்குள் போய் அங்கிருந்தே திரும்பித் தசைக்கு வரும், மூளைக்கு ஏறாது. எத்தனையோ பேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கட்டிலடியில் நின்றபோது என் நெஞ்சும் ஒருமுறை குதித்தது. நான் அதை விளக்கத் தொடங்குவதற்குள் குகன் தாய்க்குத் தொலைபேசி எடுத்துவிட்டான்.

"அம்மா, தம்பி கை ஆட்டினவன் அம்மா!"

ஹெலன் அவனைக் கோபிக்கவில்லை. திரும்பவும் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, தாயிடம், அசைந்தது உண்மை, ஆனால் அது மூளையிலிருந்து வரவில்லை என்றார். தாய் இம்முறை நீளமாகப் பேசினாள்.

"அம்மா டொக்டர், கேளுங்கோ. எனக்கு ரெண்டு பெடியள். மூத்தவன் சண்டை முடியேக்கை எங்களோட வந்து கொண்டிருந்தவன். சனத்துக்குள்ள விட்டிட்டம். பிறகு அரசாங்க ஆக்கள் வந்து, அவன் செத்திட்டான், செத்ததுக்குக் கடதாசி தாறம், வாங்குங்கோ எண்டு சொன்னவை. நான் வாங்கேல்லை. நான் காணேல்லை எல்லே? இப்ப நீங்கள் ரெலிபோனிலை சொல்லுறியள், இவனும் செத்திட்டான் எண்டு. கூட இருக்கிறவன் கை ஆட்டினவன் எண்டு சொல்லுறான். நான் ஆரை நம்புறது? எனக்குக் காட்டுங்கோ. நான் பாத்தாத்தான் நம்புவன்."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும், ஹெலன் நெற்றியைத் தடவினார். பிறகு, "அவர் கேட்பது சரி" என்றார். "அவருக்குக் கணினியில் முகம் பார்த்துப் பேச வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்."

சோதனையைக் குடும்பத்தினர் பக்கத்தில் நின்று பார்க்க விடுவது வழக்கம்தான். ஆனால் கடல் தாண்டி ஒருவருக்குக் காட்டியதில்லை. ஹெலன் மேலிடத்தோடு பேசி அனுமதி எடுத்தார். தாய் பஸ் எடுத்து டவுனுக்குப் போனாள். அங்கே ரெலிபோன், இன்டர்நெட் வசதி உள்ள கொமினிகேசன் கடையில் ஒரு பெண் பிள்ளை ஸ்கைப் போட்டுக் கொடுத்தாள். எங்களுக்குப் பின்னேரம், அவர்களுக்குக் காலை நேரம். திரை தெளிந்தபோது பருத்திச் சேலையோடு மெலிந்த முகம் ஒன்று மிகக் கிட்டத்தில் தெரிந்தது. பின்னால் கடைச் சுவரில் நடிகையின் படம் போட்ட கலண்டர்.

ஹெலன் என்னிடம், "மொழிபெயர்ப்பாளர் என் பேச்சைச் சொல்லட்டும். அந்த அம்மா உன்னோடு பேசினால் நீ பேசாமல் நிற்க வேண்டாம்" என்றார். பிறகு மடிகணினியைத் தானே தூக்கிக்கொண்டார்.

தாய் முதலில் மகனின் முகத்தைப் பார்த்தாள். தலையில் கட்டு, வாயில் குழாய்.

"மெலிஞ்சு போனான்" என்றாள்.

இரண்டாவது டொக்டர் ஒவ்வொரு படியாகச் செய்தார். ஹெலன் கணினியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், காதுக்குக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினார். தாய் இமைக்காமல் பார்த்தாள். கடைசியில் மூச்சுச் சோதனை. தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்த மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "அம்மா, இப்போ மெஷினைக் கழற்றுவாங்க. ஆக்சிஜன் மட்டும் உள்ளே போயிட்டிருக்கும், அதனால கெடுதல் வராது. அவரா மூச்சு எடுக்கிறாரான்னு பார்ப்பாங்க."

தமிழ்த் தாதி ஒருத்தி இருப்பதைக் குகன் சொல்லியிருக்க வேண்டும், ஊரில் தாதியரைக் கூப்பிடுவது போலவே தாய் என்னைத் தேடினாள். "மிஸ்ஸி, தமிழ் மிஸ்ஸி நிக்கிறாவோ?"

"நிக்கிறன் அம்மா."

"இது என்ன சோதினை? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ."

பாடமாக்கிய சொல் ஒன்றும் எனக்கு வாய்க்கு வரவில்லை. "அம்மா, மூச்சு எடு எண்டு உடம்புக்குச் சொல்லுற இடம் ஒண்டு பிடரிக்குள்ள இருக்கு. நாங்கள் மூச்சை அடக்கினா, கொஞ்ச நேரத்திலை அடக்க ஏலாமல் வருமெல்லே? அந்த இடம்தான் அப்பிடிச் செய்யிறது. அது இருந்தா இவன்ர நெஞ்சு எழும்பும். இல்லையெண்டா எழும்பாது."

"சரி. பாப்பம்" என்றாள்.

நான் நிரூபனின் மேல்துணியை விலக்கினேன். மெஷினைக் கழற்றினோம். அந்த அறையில் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்த காற்றுச் சத்தம் நின்றது. எல்லாரும் அவனுடைய நெஞ்சையும் வயிற்றையும் பார்த்தோம். நிமிடங்கள் போயின. மூச்சு வெளியே போகாததால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு, அதாவது கரியமில வாயு, ஏறிக்கொண்டே வரும். அந்த இடத்தில் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தாலும் அது சும்மா இருக்க முடியாத அளவுக்கு ஏறும். அவனுடைய நெஞ்சு எழும்பவில்லை.

அப்போதுதான் தாய் பேசினாள். எங்களோடு அல்ல.

"நிரூ… தம்பி… மூச்சை எடு ராசா. அம்மா பாத்துக்கொண்டிருக்கிறன். ஒருக்கா எடு. ஒரே ஒருக்கா."

தொலைபேசியில் இருந்த மொழிபெயர்ப்பாளர் கடமையாக அதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். "வேண்டாம்" என்றார் ஹெலன் மெதுவாக. மொழிபெயர்ப்பாளர் நிறுத்திவிட்டார். அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

ஹெலன் கணினியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். நான் கையின் நாடியில் இரத்தம் எடுத்தேன். பக்கத்து மெஷினில் முடிவு வந்தது. எவ்வளவு ஏற வேண்டுமோ அதற்கு மேலேயே ஏறியிருந்தது. இரண்டாவது டொக்டர் ஹெலனைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஹெலன் வாய் திறக்க முதல் தாய் சொன்னாள்:

"போதும் மிஸ்ஸி. நான் கண்டிட்டன். அவனுக்குக் குளிரும், துணியை மூடி விடுங்கோ."

நான் மெஷினைத் திரும்பப் பொருத்தி, துணியை மூடிவிட்டேன். ஹெலன் கணினியை மேசையில் வைத்து, அதன் முன்னால் முழங்காலில் நின்று, "உங்கள் மகன் இறந்துவிட்டார். எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது" என்றார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார். தாய் ஹெலனைப் பார்த்துக் கும்பிட்டாள்.

உறுப்புத் தானத்தைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் எல்லாம் அந்த மேசையில் தொடங்கியது. ஒரு மணித்தியாலம் கழித்து, அதற்கென உள்ள தாதி ஒருத்தி வந்தாள். அதுவரை அவளை அந்தப் பிரிவில் நான் காணவில்லை. அவள் மொழிபெயர்ப்பாளர் வழியாகத் திரையிலிருந்த தாயிடம் கேட்டாள். தாய் சொன்னாள்:

"குடுத்தா நாலுபேர் பிழைப்பினம் எண்டு விளங்குது பிள்ளை. குடுக்கிறவை நல்லவை. ஆனா என்ர ஒரு பிள்ளையின்ர ஒரு துண்டும் எனக்குக் கிடைக்கேல்லை. இவனை எனக்கு முழுசா அனுப்புங்கோ."

அந்தத் தாதி, "கேட்டதற்கு நேரம் தந்தீர்களே, நன்றி அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டாவது தடவை ஒருவரும் கேட்கவில்லை. ஒருவருடைய முகமும் மாறவில்லை. ஹெலன் குகனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது.

மெஷினை நிற்பாட்டும்போது தாய் திரையில் இருந்தாள். குகன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். இதயம் உடனே நிற்காது, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துதான் நிற்கும். அந்த நேரத்தில் குகன் திரையைப் பார்த்து உடைந்துபோனான்.

"அம்மா, தலையிடி எண்டு சொல்லேக்கையே நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கோணும். நான் பனடோலைக் குடுத்துப் படுக்க விட்டனான். கை ஆட்டினவன் எண்டும் சொல்லிப்போட்டன்."

தாய் அழுதுகொண்டுதான் இருந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, "நீ கடலிலை அவனுக்குத் தண்ணி பருக்கினதெண்டு சொன்னவன்" என்றாள். "உன்ர அம்மா எங்கை?"

"கிளிநொச்சியிலை."

"எப்ப கதைச்சனி?"

"கனநாள் அம்மா."

"அவவுக்கு இண்டைக்கு ரெலிபோன் எடு. குரலைக் காட்டு. அதுக்குப் பிறகு போய்ச் சாப்பிடு."

இதயத் துடிப்பைக் காட்டும் திரையில் கோடு நேரானபோது குகன்தான் முதலில் கண்டான். நான் வழக்கமாகச் செய்கிற வேலைகளைச் செய்தேன். குழாய்களைக் கழற்றினேன், முகம் துடைத்தேன், தலைக்கட்டை மாற்றினேன். குகன் கேட்டு, அவனும் சேர்ந்து துடைத்தான்.

உடலை அனுப்ப நாட்கள் எடுத்தன. இங்குள்ள தமிழ் ஆட்கள் ஓடித் திரிந்து ஒழுங்கு செய்தார்கள். குகன் கூடப் போக முடியவில்லை. போனால் அந்த விசாவில் திரும்பி வர முடியாது, போய் இறங்கினால் என்ன நடக்கும் என்றும் தெரியாது. வழியனுப்ப விமான நிலையம் போனவன், பெட்டி எந்தக் கதவால் போனது என்றுகூடத் தெரியாமல், பயணிகள் போகிற கதவடியில் நின்றுவிட்டு வந்தானாம். பிறகு மெல்பேர்னுக்குப் போய்விட்டான். கிரெய்கிபர்னில் யாரோ ஊர்க்காரரோடு இருக்கிறான் என்று கேள்வி. என்னோடு தொடர்பில்லை.

தாய் ஒரு தடவை எனக்குத் தொலைபேசி எடுத்தாள். குகன் நம்பர் கொடுத்திருக்கிறான். வீட்டில் குசினியில் நின்றபோது வந்தது. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்துவிட்டது என்றாள். உடல் நல்லபடி வந்து சேர்ந்ததா என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை. பெட்டியைத் திறந்து பாத்தனாங்கள். நித்திரை கொள்ளுற மாதிரித்தான் கிடந்தவன்."

பிறகு தானாகவே சொன்னாள்:

"காதுக்குக் கீழை பிளாஸ்டர் ஒட்டின பசை கொஞ்சம் இருந்தது. தண்ணியாலை துடைச்சன், போகேல்லை. பிறகு தேங்காயெண்ணெய் வைச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்தனான்."

வாயில் வைத்த குழாய் விலகாமல் ஒட்டிய பிளாஸ்டர் அது. எடுத்தபோது நான் அந்த இடத்தைச் சரியாகப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். மன்னிக்கச் சொல்லி வாயெடுத்தேன்.

"ஐயோ, அதுக்கில்லைப் பிள்ளை" என்றாள். "எனக்கு அந்த வேலையாவது மிஞ்சி இருந்ததே எண்டு சொல்ல ரெலிபோன் எடுத்தனான்."